பாக்கிபோடியம் இலை கறுத்து உதிருது: ஐப்பசி மழையில வீட்டுக்குள்ள நிக்கிற முள்செடியை எப்படிக் காப்பாத்துறது?

கோட்டாறு_பால்கனி

எல்லாருக்கும் வணக்கம். மடகாஸ்கர் பாம்னு நர்சரியில குடுத்த பாக்கிபோடியம் லாமெரி ஒண்ணு ஹால்ல நிக்குது. தண்டு 40 செ.மீ. உயரம், அடியில கைமுஷ்டி கனம். உடம்பு முழுக்க மூணு மூணா முள், உச்சியில மட்டும் இலைக்கொத்து.

இருக்கிற நிலை: நாகர்கோவில், ரெண்டாவது மாடி. தெற்குப் பார்த்த ஜன்னல்லேர்ந்து ஒண்ணரை மீட்டர் தள்ளி இருக்கு. 6 இஞ்ச் பிளாஸ்டிக் தொட்டியை ஒரு பீங்கான் தொட்டிக்குள்ள இறக்கி வச்சிருக்கு. நர்சரி மண்ணை மாத்தலை, செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் கலந்த மாதிரி தெரியுது. வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு டம்ளர் தண்ணி.

மழை பிடிச்சதுக்கு அப்புறம் கீழ் இலை மஞ்சளாகுது. மேல உள்ளது நுனியிலேர்ந்து கறுத்து நடுநரம்பு வரைக்கும் ஏறி விழுது. தண்டுல லேசா சுருக்கமும் தெரியுது. மண்ணு மேல தொட்டா ஈரம்தான்.

இது குளிர்காலத்துல இலை உதிர்க்கிற செடின்னு இணையத்துல போட்டிருக்கு. அப்படி விட்டுடலாமா, இல்ல அழுகலா? ஹால்லயே வச்சு வளர்க்க முடியுமா? முள்ளுக்குப் பயந்து தொட்டியை மாத்தாம இருக்கு, அதுக்கு ஏதாவது வழி உண்டா? வீட்டுல சின்னப் பிள்ளை உண்டு, அதனால இந்தச் செடியோட பாலு விஷமான்னும் சொல்லுங்க.

தக்கலை_கள்ளி

மண் ஈரம், தண்டு சுருக்கம். இந்த ரெண்டும் ஒண்ணா வந்தா அது தாகமும் இல்ல, ஓய்வும் இல்ல. வேர் போய்க்கிட்டிருக்கு. வேர் செத்துட்டா தொட்டியில தண்ணி நின்னாலும் மேலே ஏறாது, அதனால தண்டு தன் சேமிப்பைத் தின்னு சுருங்குது. இதைத் தாகம்னு நினைச்சு இன்னும் ஊத்தினா அதோட கதை முடிஞ்சுது.

பெருவிரலால முள்ளுக்கு இடையில அமுக்கிப் பாருங்க. மண்ணிலேர்ந்து 2 செ.மீ. மேல, நடுவுல, உச்சிக்குக் கீழ, மூணு இடத்துலயும் பாக்கணும். சுருங்கியிருந்தாலும் கல்லு மாதிரி இருந்தா தண்டு பிழைச்சிருக்கு. அடியில மட்டும் குழைஞ்சா அழுகல் வேர்லேர்ந்து ஏறியிருக்கு. உச்சி குழைஞ்சு இலை அடிக்காம்பு கறுப்பா உருவி வந்தா தண்ணி குருத்துக்குள்ள நின்னு அழுகியிருக்கு. உச்சி போன செடி சில நேரம் பக்கத்துல கிளைச்சுப் பிழைக்கும். அடி போனது லேசுல பிழைக்காது.

குளிர்கால ஓய்வுன்னு படிச்சது குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. அங்க ஜன்னலோரம் 10 டிகிரிக்குப் பக்கத்துல இறங்கும், வெளிச்சமும் செத்துப்போகும், அதனால இலையைக் கொட்டும். நாகர்கோவில்ல மார்கழி ராத்திரியில கூட 20 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். நல்ல வெயில் கிடைச்சா இங்க இது வருஷம் முழுக்க இலையோடயே நிக்கும். கீழ் வரிசை இலை ஒண்ணு ரெண்டு மஞ்சளாகி விழுறது சகஜம், அதுக்குக் கவலைப்படாதீங்க. நுனியிலேர்ந்து கறுத்துக்கிட்டு வர்றது சகஜம் இல்ல. நம்ம ஊர்ல இந்தச் செடியைக் கொல்றது குளிர் இல்ல, இருட்டுல நிக்கிற ஈரம்.

இன்னைக்கே செய்ய வேண்டியதைச் சொல்றேன். மழை விடட்டும்னு காத்திருக்காதீங்க.

முதல்ல பீங்கான் தொட்டியிலேர்ந்து வெளிய எடுங்க. அடியில தண்ணி தேங்கிக் கிடக்கும், பாத்துக்குங்க. ஒரு நாளிதழை நீளவாக்குல நாலஞ்சு மடிப்பா மடிச்சு 8 செ.மீ. அகலப் பட்டை பண்ணுங்க. தண்டு நடுவுல ஒரு சுத்து சுத்தி ரெண்டு முனையையும் சேர்த்துப் பிடிச்சா கைப்பிடி மாதிரி ஆயிடும், முள் குத்தாது. கையுறை போட்டாலும் துணிக் கையுறை வேண்டாம், இந்த முள் ஊடுருவும். தொட்டியைப் படுக்க வச்சு விளிம்பைத் தட்டினா வேர்க்கட்டியோட வந்துடும்.

மண்ணை உதிர்த்துட்டு வேரைப் பாருங்க. நல்ல வேர் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள், இழுத்தா நிக்கும். கெட்டது பழுப்பு, தோல் உறை மாதிரி கழண்டு உள்ள நூல் மட்டும் மிஞ்சும், நாத்தமும் உண்டு. கெட்டதெல்லாத்தையும் கத்தியால நறுக்கிடுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவுல கத்தியை ஸ்பிரிட்டால துடைக்கணும், இல்லேன்னா நீங்களே அழுகலை நல்ல வேருக்குக் கொண்டுபோறீங்க. வெட்டுவாய் உள்ள ஒரே வெளிர் நிறமா இருக்கணும். நடுவுல பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிஞ்சா இன்னும் 5 மி.மீ. மேல போய் வெட்டுங்க. புள்ளி தெரியாத வரைக்கும் இதுதான்.

வெட்டின இடத்துல காப்பர் ஆக்சிகுளோரைடுங்கிற பூஞ்சைக்கொல்லித் தூளையோ கந்தகத் தூளையோ தடவி, செடியை நிழல்ல காத்தோட்டமா விட்டுடுங்க. வேர் மட்டும் நறுக்கியிருந்தா 7 முதல் 10 நாள், தண்டு அடியையே சீவியிருந்தா 2 முதல் 3 வாரம். ஐப்பசி ஈரத்துல புண் லேசுல காயாது, மேசை ஃபேனை மெதுவா ஓடவிட்டு எதுக்க வைங்க. புண்ணு மேல தொட்டா தக்கை மாதிரி சொரசொரப்பா இருக்கணும். அதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள விடாதீங்க.

பிறகு காய்ஞ்ச கலவையில நட்டு, இன்னும் 7 முதல் 10 நாள் தண்ணி காட்டக் கூடாது. இருக்கிற இலையும் இந்தச் சமயத்துல கறுத்து விழும். வேரைத் தொந்தரவு பண்ணினா இது அப்படித்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

பாலு பத்தி: பாம்னு பேர் போட்டு வித்தாலும் இது பனையும் இல்ல, கள்ளியும் இல்ல. தோவாளைச் சந்தைக்கு வர்ற அரளி இருக்கே, அந்தக் குடும்பம். அடீனியமும் இதுக்குச் சொந்தம்தான். அரளிக்கு வர்ற மாதிரி வெள்ளைப் பால் வராது, தண்ணி மாதிரி சாறுதான் கசியும், ஆனா அதுவும் விஷம்தான். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்குங்க. கையில பட்டா சோப்புப் போட்டுக் கழுவுங்க. பிள்ளை இலையைக் கடிச்சுட்டா வீட்டு வைத்தியம் எதுவும் பண்ணாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, இலை ஒண்ணையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

திங்கள்சந்தை_மாடி

அண்ணாச்சி அழுகலைச் சொல்லிட்டாங்க. அழுகல் ஏன் வந்துதுன்னு நான் சொல்றேன், இல்லேன்னா அடுத்த இடவப்பாதி மழையில திரும்ப இதே கேள்வியோட வருவீங்க.

தெற்கு ஜன்னல் நல்லதுன்னு எல்லாரும் எழுதுவாங்க. அது வடக்கே வெகுதூரத்துல இருக்கிற நாட்டுக்குத்தான் சரி. நாம வடக்கு அட்சரேகை 8 பாகையில இருக்கோம். ஏப்ரல் ரெண்டாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மதியச் சூரியன் நம்ம தலைக்கு வடக்கேதான் நிக்கும், தெற்கு ஜன்னலுக்கு அப்ப ஒரு கீத்து வெயிலும் கிடையாது. மார்கழியில தெற்கே சாயும்னாலும் மதியம் 58 பாகை உயரத்துல இருக்கும். 7 அடி லின்டல், அதுல 2 அடி சன்ஷேடுன்னு வச்சுக்கிட்டா, மதிய வெயில் தரையில முக்கால் மீட்டருக்கு மேல உள்ள வராது. உங்க செடி நிக்கிறது ஒண்ணரை மீட்டர்ல. நம்ம கண்ணுக்கு ஹால் பளிச்சுன்னு தெரியும், செடிக்கு அது இருட்டு.

வீட்டுக்குள்ளதான் வைக்கணும்னா கிழக்கு ஜன்னல். காலை 7 முதல் 10 வரைக்கும் வெயில் தாழ்வா வரும், எந்த மாசமும் உள்ள விழும். கண்ணாடியிலேர்ந்து ஒரு அடிக்குள்ள இருக்கணும். அடுத்தது மேற்கு. மேற்கு ஜன்னல்ல பங்குனி சித்திரையில கண்ணாடிக்கு ஒட்டி இலை வெந்துபோகும், அதனால அந்த ரெண்டு மாசம் அரை அடி உள்ள தள்ளுங்க. கைபேசியில லக்ஸ், அதாவது வெளிச்சத்தோட அளவை, அளக்கிற செயலி உண்டு. துல்லியம் கம்மிதான், ஆனா இடத்துக்கு இடம் ஒப்பிட்டுப் பாக்க உதவும். பகல்ல நாலஞ்சு மணி நேரமாவது 10,000 லக்ஸுக்கு மேல காட்டுற இடமா இருக்கட்டும். 1,500, 2,000 காட்டுற இடத்துல உயிரோட கிடக்கும், வளராது, தண்ணியும் குடிக்காது. குடிக்காத செடிக்கு வாரம் ரெண்டு டம்ளர் ஊத்தினா அந்தத் தண்ணி எங்க போகும்?

இருட்டுல வளர்ந்தா இன்னொண்ணும் நடக்கும். உச்சி மெலிஞ்சு கூராகிப் போகும், முள்ளு இடைவெளி விட்டு வரும். பிற்பாடு வெயில்ல வச்சாலும் அந்த மெலிஞ்ச கழுத்து மெலிஞ்சதுதான், மேல கனத்துக்கிட்டு வரும்போது அங்கேயே சாயும்.

ஜன்னல் ஒத்துவரலேன்னா 20 முதல் 30 வாட் முழுநிறமாலை எல்.ஈ.டி. விளக்கு, உச்சிக்கு மேல ஒரு அடி உயரத்துல, நாளுக்கு 12 மணி நேரம். டைமர் பிளக் போட்டு விடுங்க. சாதாரண ஹால் விளக்கு இதுக்கு ஆகாது.

திடீர்னு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, ஹால்ல நின்ன தண்டு வெயில்ல பொள்ளும். வெயில் படுற பக்கம் வெளுத்த தழும்பு விழுந்து தக்கையாகும், அது ஒருநாளும் மாறாது. முதல் வாரம் காலை ஒரு மணி நேரம், அடுத்த வாரம் ரெண்டு மணி நேரம்னு ஏத்துங்க. மாசம் ஒண்ணு ஆகட்டும்.

மண் கலவை, கொள்ளளவுல:

6 மி.மீ. சல்லி இல்லேன்னா பழைய கூரையோட்டை இடிச்சு சலிச்ச துண்டு 2 பங்கு. எம்-சாண்ட் 2 பங்கு. செம்மண் 1 பங்கு. சலிச்ச மண்புழு உரம் 1 பங்கு. சிரட்டைக்கரித் துண்டு அரைப் பங்கு.

எம்-சாண்டை அப்படியே போட்டுடாதீங்க. அதுல உள்ள பாறைத்தூள் ஈரம் பட்டா சிமென்ட் பால் மாதிரி இறுகி அடிப்பக்கத்தை அடைச்சிடும். மாவு சல்லடையில சலிச்சு மேல நிக்கிறதை மட்டும் எடுத்து, தண்ணி தெளியிற வரைக்கும் அலசுங்க. பூச்சுக்குப் போடுற பி-சாண்ட் எதுக்கும் ஆகாது, ரொம்பப் பொடி. கடல் மணல் சும்மா கிடக்குதேன்னு யாரும் அள்ளிட்டு வராதீங்க. உப்பு ஒருபக்கம், அள்ளக் கூடாதுங்கிறது இன்னொரு பக்கம்.

தென்னைநார்த் தூளைத் தவிர்க்கிறதே நல்லது. நல்லாக் காஞ்சா தண்ணியை ஏத்துக்காது, நனைஞ்சா விடாது. இந்தச் செடிக்கு ரெண்டும் கெடுதல். நர்சரிக்காரங்களுக்கு எடை குறைவு, விலை குறைவு, அங்க முழு வெயில்ல தினம் காயுது, அதனால அவங்களுக்குச் சரி. நம்ம ஹாலுக்கு வந்ததும் கணக்கு மாறிடுது. நடுறதுக்கு முன்னாடி ஒரு பரிசோதனை பண்ணலாம்: வெறும் கலவையை இன்னொரு தொட்டியில நிரப்பி ஒரு லிட்டர் தண்ணி ஊத்திப் பாருங்க. மேல குளம் கட்டாம ஊத்த ஊத்த கீழ ஓடணும்.

அடியில ஒரு அடுக்கு சல்லி போட்டா தண்ணி வடியும்னு எல்லாரும் செய்யிறாங்க. பொடி மண்ணிலேர்ந்து பெருங்கல்லுக்குத் தண்ணி லேசுல இறங்காது, மண்ணு முழுசா ஊறி நிறைஞ்ச பிறகுதான் சொட்டும். அதனால ஈர மட்டம் வேருக்கு இன்னும் பக்கத்துல ஏறி நிக்கும். ஓட்டை மேல கொசுவலைத் துண்டு ஒண்ணு போதும். கல்லை எல்லாம் கலவைக்குள்ள சேருங்க.

தொட்டி மண்தொட்டி, வேர்க்கட்டியை விட ஒரு விரல்கடை பெரிசு, அதுக்கு மேல வேண்டாம். வேரை நறுக்கின செடிக்கு பழைய 6 இஞ்சே தாராளம். பெரிய தொட்டியில வேர் எட்டாத மண்ணு ஈரத்தோட கிடந்து புளிக்கும். 1 செ.மீ. ஓட்டை மூணாவது இருக்கட்டும். பீங்கான் தொட்டி அழகுக்கு வேணும்னா அதுக்குள்ள ரெண்டு ஓட்டுத்துண்டு வச்சு உயர்த்தி நிறுத்துங்க, தண்ணி ஊத்தி கால் மணி நேரத்துல உள்ள நிக்கிறதைக் கொட்டிடணும்.

கோட்டாறு_பால்கனி

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் நன்றி. வெளிய எடுத்துப் பாத்தாச்சு. பீங்கான் தொட்டிக்குள்ள ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி. வேர் ஒருபக்கம் பாதிக்கு மேல பழுப்பு, உறை கழண்டு வருது, மறுபக்கம் வெள்ளை. தண்டு மூணு இடத்துலயும் கெட்டிதான். கெட்ட பக்கம் தண்டோட சேருற இடத்துல மட்டும் 50 பைசா அளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு, அமுக்கினா லேசா உள்ள போகுது.

இந்தத் திட்டுக்காக அடியை முழுசாச் சீவணுமா? சீவினா நுனி வேர்விடுமா? அப்புறம், தண்ணி எப்ப ஊத்தணும்னு நாள் கணக்கு யாராவது சொல்லுங்க.

தக்கலை_கள்ளி

முழுசாச் சீவாதீங்க. நல்ல வேர் பாதி இருக்கும்போது அடியைச் சீவுறது கடைசி வழி. கள்ளி மாதிரி நினைச்ச உடனே இதோட தண்டுத் துண்டு வேர்விடாது, பெரும்பாலும் காஞ்சு சுருங்கித்தான் போகும். மெனக்கெட்டு எப்பவாவது ஒண்ணு வரும், நம்பி இறங்க முடியாது.

திட்டை மட்டும் தோண்டுங்க. சின்னக் கரண்டியோ வளைஞ்ச பேனாக்கத்தியோ போதும். பழுப்பைச் சுத்தி 2, 3 மி.மீ. நல்ல சதையையும் சேர்த்து எடுங்க. குழி ஆழமானாலும் பரவாயில்ல. சதை தண்ணி நிறைஞ்சு வெள்ளரிக்காய் நிறத்துல இருந்தா நிறுத்தலாம். குழி வாய் மேல் பார்த்து கிண்ணம் மாதிரி இருக்கக் கூடாது, கீழ் விளிம்பைச் சரிவா சீவிவிடுங்க. இல்லேன்னா நாளைக்குத் தண்ணி அதுல தேங்கும். தூள் தடவி, 2 வாரம் ஃபேன் காத்து. நடும்போது அந்தக் குழி மண்ணுக்கு மேல தெரியணும், அதைச் சுத்தி வெறும் சல்லி மட்டும் போடுங்க.

காயிற நாள்ல தினமும் ஒருதரம் அமுக்கிப் பாருங்க. குழி விளிம்புல ஈரக் கசிவோ பழுப்போ திரும்ப வந்தா மறுபடியும் அதே வேலை.

ஆரல்வாய்மொழி_காத்து

நாள் கணக்குதான் இந்தச் செடியைக் கொல்லுது மக்கா. அதைக் கேக்காதீங்க.

இதோட சொந்த ஊர் மடகாஸ்கரோட தெற்கும் தென்மேற்கும். கடலோரம் வருஷ மழையே 500 மி.மீ.க்குள்ளதான், அதுவும் நாலஞ்சு மாசத்துல பெய்ஞ்சு முடிஞ்சிடும், மிச்ச மாசமெல்லாம் வறட்சி. நமக்கு ரெண்டு மழை, ஆனி ஆடியில ஒண்ணு, ஐப்பசி கார்த்திகையில ஒண்ணு. நம்ம மாவட்டத்துக்குள்ளேயே வித்தியாசம் வேற. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் நிழலும் மலை மழையும் சேர்ந்து வருஷத்துல பாதி நாள் துணியே காயாது. இந்தப் பக்கம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல்ல கணவாய்க் காத்து அடிச்சு, காலையில ஊத்தினது சாயங்காலம் இல்ல. அங்க பத்து நாள்னா இங்க நாலு நாள். இதுல ஒரே கணக்கை யாரு சொல்ல முடியும்?

அதனால ஈர்க்குச்சி. வாரியல்லேர்ந்து (விளக்குமாறு) தடிச்ச ஈர்க்குச்சி ஒண்ணு உருவி, தொட்டி விளிம்போரமா அடி தட்டுற வரைக்கும் சொருகி பத்து நிமிஷம் விடுங்க. எடுத்துப் பாத்தா கீழ்ப்பாதி இருண்டு ஜில்லுன்னு இருக்கா, மண்ணு ஒட்டியிருக்கா, ஊத்தாதீங்க. காஞ்சு உதிர்ந்துதுன்னா இன்னும் ரெண்டு நாள் கழிச்சு ஊத்துங்க. ஊத்தும்போது அரைகுறையா தெளிக்கக் கூடாது. 6 இஞ்ச் மண்தொட்டிக்கு 300, 400 மி.லி., அடியில வடியிற வரைக்கும். மண்ணு மேலதான், உச்சியில இல்ல. குருத்துல தண்ணி விழுந்துட்டா ஊதி எடுத்துடுங்க.

இலை எவ்வளவு இருக்குங்கிறதைப் பாத்து அளவை முடிவு பண்ணுங்க. தழைச்சு நிக்குது, வெயிலும் உண்டுன்னா குச்சி காஞ்சதும் முழுத் தண்ணி. நாலஞ்சு இலைதான்னா பாதி. மொட்டையா நிக்குதுன்னா மாசத்துக்கு ஒரு தடவை கால் டம்ளர், வேர் நுனி சாகாம இருக்கிறதுக்கு மட்டும். உச்சியில பச்சை மொட்டு அரிசி அளவு தெரிஞ்ச பிறகு பையப் பையக் கூட்டுங்க. உங்க செடி தை கடைசியில வெயில் ஏறும்போது துளிர்க்கும்னு எதிர்பார்க்கலாம். அதுவரைக்கும் மொட்டையா நிக்கட்டும், உரம் காட்டாதீங்க.

நிஜமான தாகத்துக்கும் சுருக்கம் வரும். அப்ப மண்ணு அடிவரைக்கும் காஞ்சிருக்கும், தொட்டி லேசா இருக்கும், தண்டு கெட்டியா இருக்கும். ஒரு தண்ணி ஊத்தினா நாலஞ்சு நாள்ல புடைச்சிடும்.

போர்வெல் தண்ணி கடலோரத்துல உப்பு. மண்ணு மேல வெள்ளைப் பூப்பு படிஞ்சா அதுதான். மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்க. இல்லேன்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு நல்ல தண்ணி விட்டு உப்பை அலசிவிடணும். அதுவும் வெயில் காலத்துல மட்டும்.

உரம் தை முதல் வைகாசி வரைக்கும்தான். 19-19-19 கலப்பு உரம் லிட்டருக்கு அரை கிராம், மூணு வாரத்துக்கு ஒரு தடவை, ஈர மண்ணுல. கூடுதலா தழைச்சத்து குடுத்தா தண்டு நீண்டு சதை இளகிப்போகும், அடுத்த மழையில அந்த இளசுதான் முதல்ல அழுகும். யூரியாவும் கடலைப் பிண்ணாக்குத் தண்ணியும் இந்தச் செடிப்பக்கம் வரவே கூடாது.

மாடியில வைக்கிறவங்களுக்கு ஒண்ணு: ஆனி ஆடிக் காத்துல ஒரு மீட்டர் செடி பிளாஸ்டிக் தொட்டியோட உருண்டுடும். உருண்டா முள்ளு தன் தண்டையே குத்தும், அந்தக் குத்து வழியா அழுகல் நுழையும். கனத்த மண்தொட்டி, செங்கல் அணைப்பு, சுவரோரம்.

குலசேகரம்_ரப்பர்

மேல சொன்ன காத்துக்காரர் எங்க ஊரைப் பத்திச் சொன்னது சரிதான். எங்க பக்கம் இதை வீட்டுக்குள்ள வைக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஓட்டு வீடு, சுத்தி ரப்பர், பகல் 12 மணிக்கு விளக்குப் போடுற ஹால். அங்க இது அலங்காரப் பொருள் கணக்கா ஒரு வருஷம் நிக்கும், அவ்வளவுதான். வெயில் விழுற திண்ணை விளிம்பு, மேல பாலிகார்பனேட் தகடு, மழைச்சாரல் படாத இடம், இது இருந்தா மட்டும் வாங்குங்க. முள்செடிதான் வேணும்னா யூபோர்பியா மிலி வைங்க. அதுவும் மடகாஸ்கர்தான், அதுக்கும் வெயில் வேணும், பாலும் எரிச்சல் பண்ணும், ஆனா கிளையை ஒடிச்சு நட்டா வேர்விடும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு கையில இருக்கும்.

பூச்சி பத்தி யாரும் சொல்லலை. மாவுப்பூச்சி இதுல உக்காரும் இடம் முள்ளோட கவட்டை, உச்சிக் குருத்து, மண்ணுக்குக் கீழ வேர். எறும்பு தண்டுல ஏறி இறங்கினா மேல போய்ப் பாருங்க, இருக்கும். ஸ்பிரிட்டுல நனைச்ச சின்ன பெயின்ட் பிரஷ் முள் இடுக்குல போகும், பஞ்சு போகாது. அஞ்சு நாளைக்கு ஒருதரம் மூணு தடவை. நிறைய இருந்தா வேப்பெண்ணெய் 5 மி.லி., கூட 2 மி.லி. பாத்திரம் கழுவுற திரவம், ஒரு லிட்டர் தண்ணியில நல்லாக் குலுக்கி சாயங்காலம் அடிங்க. குருத்துல தேங்கினதைத் துணி முனையால ஒத்தி எடுத்துடணும். எண்ணெய் பூசின இலையோட வெயில்ல வச்சா கருகிடும்.

மண்ணை உதிர்த்தப்ப வேர்ல வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒட்டியிருந்ததா? இருந்தா அது வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணைத் தோட்டத்துல கூடக் கொட்டாம கட்டிப் போட்டுடுங்க, தொட்டியை வெந்நீர்ல கழுவுங்க.

மாசி பங்குனியில ஃபேனுக்குக் கீழ நின்னா இலையில ஊசி குத்தின மாதிரி வெளிர் புள்ளி வரும், அடியில மெல்லிசா வலை. அது செஞ்சிலந்திப் பேன். இலை அடிப்பக்கத்தைத் தண்ணியால பீச்சிக் கழுவினாலே பாதி போயிடும்.

கோட்டாறு_பால்கனி

வேர்ல வெள்ளைப் பொடி இல்லை. திட்டைத் தோண்டியாச்சு, உள்ள வெளிர்ப் பச்சையா இருக்கு. கிழக்குப் பக்கம் படுக்கையறை ஜன்னல் இருக்கு, அங்க மாத்தலாம், ஆனா ராத்திரி ஏ.சி. ஓடும். பரவாயில்லையா? இது பூக்குமா?

திங்கள்சந்தை_மாடி

ஏ.சி. 24, 25 டிகிரியில இருந்தா ஒண்ணும் ஆகாது, காத்து நேரா உச்சியில அடிக்காம திருப்பிவிடுங்க. உண்மையான சிக்கல் ஏ.சி. அறையில எந்நேரமும் திரைச்சீலையை மூடி வைக்கிறதுதான். காலை 7 மணிக்குத் திரையை விலக்குறவங்க யாருன்னு முதல்ல வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க.

பூ வெள்ளை, நடுவுல மஞ்சள், மணமும் உண்டு. ஆனா செடி நாலஞ்சு அடிக்கு வளரணும், வருஷக் கணக்குல முழு வெயில் வேணும். ஜன்னலோரச் செடி பூக்கும்னு நம்பி வளர்க்காதீங்க. பூத்த பிறகுதான் பெரும்பாலும் கிளைக்கும். உச்சியை வெட்டிக் கிளைக்க வைக்கலாம்னு வீடியோ போடுறாங்க, இப்ப உங்க செடிக்கு இருக்கிற புண்ணு போதும்.

இன்னும் செடி வேணும்னா விதைதான் வழி. புது விதையா இருக்கணும், பழசானா முளைப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். வெதுவெதுப்பான தண்ணியில ஒரு நாள் ஊறவச்சு, அரை செ.மீ. ஆழத்துல அதே கலவையைப் பொடியா சலிச்சுப் போடுங்க. நம்ம ஊர் வெக்கைக்கு ஒண்ணு முதல் மூணு வாரத்துல வரும். மாசியில போடுங்க, மழைக்கு முன்னாடி தண்டு திரண்டுடும். நாத்துக்குப் பெரிய செடி மாதிரி காயப்போட முடியாது, மேல்மண் காஞ்சதும் தண்ணி வேணும். வெளிநாட்டு இணையக் கடையில செடியா வாங்க நினைக்காதீங்க. பாக்கிபோடியம் இனம் முழுசும் சைட்டிஸ் (அழியுற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, அனுமதிச் சீட்டு இல்லாம வந்தா சுங்கத்துல நிக்கும். உள்ளூர் நர்சரியில விதை போட்டு வளர்த்ததே தாராளமாக் கிடைக்குது.

தக்கலை_கள்ளி

பிள்ளை இருக்கிற வீடுன்னு சொன்னீங்க. முள்ளு நுனியை நகவெட்டியால வெட்டிவிடச் சொல்லி யாராவது சொல்லுவாங்க. மரக்கட்டையான பழைய முள்ளுல நுனி 2, 3 மி.மீ. மட்டும் வெட்டினா செடிக்குக் கேடு இல்ல. உச்சிப்பக்கம் உள்ள இளமுள்ளைத் தொடாதீங்க, அதுல சாறு இருக்கும். பிள்ளை எட்டுற உயரம் வரைக்கும் உள்ளதை மட்டும் அப்படி மழுங்கடிச்சா போதும். தொட்டியை ஸ்டூல் மேல ஏத்தி வைக்காதீங்க, இழுத்தா தலையில விழும். தரையில, ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல உள்ள மூலையில வைங்க.

நட்டதும் வேர் பாதிதான் இருக்கிறதால ஆடும். மூணு மூங்கில் குச்சியை முக்கோணமா சொருகி, பழைய சைக்கிள் டியூபை ரெண்டு விரல் அகலத்துக்குக் கீறி முள்ளு இடுக்குல நுழைச்சுக் கட்டுங்க. கயிறு வேண்டாம், அறுக்கும். பிடிச்சு லேசா அசைச்சா ஆடாம நிக்கிறப்ப வேர் பிடிச்சுட்டுதுன்னு அர்த்தம், அப்ப கழட்டிடலாம்.